துல்சாவில் போய்க் கேளுங்கள்: 66-ஆம் நெடுஞ்சாலையில் ஆறு நாள்

முதல் நாள்: டாலஸ் – மெக்கலெஸ்டர் – சாலிசா – ஓக்லஹோமா சிட்டி

மாப்பிள்ளைக்கு டாலஸில் வேலை போய்விட்டது. எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு. 47-ஆம் நாள் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வேலை வந்தது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். மகளும் பேத்தியும் விமானத்தில் போகிறார்கள், சாமான்கள் லாரியில். கார் மட்டும் பாக்கி. "நான் தனியா ஓட்டிட்டுப் போயிடறேன் மாமா" என்றார். நானும் வருகிறேன் என்றேன். வழியை மட்டும் நான்தான் சொல்வேன் என்று ஒரு நிபந்தனை போட்டேன்.

அந்த நிபந்தனையால்தான் மேற்கே போக வேண்டிய கார் இன்று காலை வடகிழக்கே கிளம்பியது. நாலு மணி நேரம் எதிர்த்திசை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. டேங்க் நிரப்பும்போது மட்டும் மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

1986-இல் திருச்சியில் ஒரு திரைப்படக் கழகத்தில் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' பார்த்தேன். ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் வந்தது 1939 ஏப்ரல். ஜான் ஃபோர்டு இயக்கிய படம் 1940 ஜனவரியிலேயே திரைக்கு வந்துவிட்டது. ஓக்லஹோமாவில் குத்தகை நிலத்தை இழந்த ஜோடு குடும்பம், ஒரு பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, பாட்டி தாத்தா முதல் குழந்தைகள் வரை ஏற்றிக்கொண்டு 66-ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்கும் வேலை தேடிப் போகிற கதை. நான் அப்போது வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. விவசாயக் கடன் பிரிவு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மெக்கலெஸ்டரில் காரை நிறுத்தி மாநிலச் சிறைச்சாலையின் வெள்ளைச் சுவரைத் தூரத்திலிருந்து பார்த்தோம். படத்தில் ஹென்றி ஃபோண்டா நடித்த டாம் ஜோடு நாலு வருடம் இருந்துவிட்டு வெளியே வருவது இங்கிருந்துதான். அந்த வேடத்துக்காக ஃபோண்டா ஸ்டுடியோவுக்கு ஏழு வருட ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார் என்றேன். "பாண்டு மாதிரியா?" என்றார் மாப்பிள்ளை. அதேதான்.

சாலிசா எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஜோடு குடும்பத்தின் ஊர் வறண்டு வெடித்துப் புழுதி பறந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்த்து வந்தேன். ஊரைச் சுற்றிக் காடு, பச்சைக் குன்று, ஏரி. கண்ணில் ஒரு தூசி விழவில்லை. அப்புறம்தான் உறைத்தது. டஸ்ட் பவுல் என்று சொல்லும் புழுதிப் புயல் பூமி இங்கிருந்து 400 மைலுக்கும் மேல் மேற்கே, ஓக்லஹோமாவின் கைப்பிடி போல நீளும் பகுதியிலும் அதைச் சுற்றியும்தான். 1935 ஏப்ரல் 14-இல் பட்டப்பகலை இருட்டாக்கிய புயல் அடித்தது அங்கே. சாலிசாப் பக்கத்துப் பருத்திக் குத்தகைக்காரர்களைக் கிளப்பியது பெரும்பாலும் காற்று அல்ல, காகிதம். பருத்தி விலை படுத்துக் கிடந்தது. 1933-இல் விளைச்சலைக் குறைப்பதற்காக, பயிரிடாமல் விடும் நிலத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்க ஆரம்பித்தது. பணம் போனது நிலத்துக்காரருக்கு. அவர் அதில் டிராக்டர் வாங்கினார். ஓக்லஹோமா விவசாயிகளில் பத்தில் ஆறு பேர் அப்போது குத்தகைக்காரர்கள். டிராக்டர் வந்தபின் அவர்கள் எதற்கு?

படத்துக்கு இது தெரியும். புழுதியையும் காட்டுகிறது, ஆனால் வீட்டை இடிக்க வருவது டிராக்டர்தான்.

ஊருக்கு வெளியே செக்வோயா கட்டிய மரக்குடிசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். செரோக்கி மொழிக்கு 1821 வாக்கில் தனியொருவராக எழுத்து உண்டாக்கியவர். எண்பத்துச் சொச்சம் அசையெழுத்துகள். நம் உயிர்மெய் மாதிரிதான், ஒரு எழுத்துக்கு ஒரு அசை. அவர் பெயர்தான் இந்த மாவட்டத்துக்கே. இது செரோக்கி நாடாக இருந்த மண். கிழக்கே ஜார்ஜியாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் பயிர் செய்து வாழ்ந்த அந்த மக்களை 1838-39-இல் ராணுவம் வைத்து இங்கே விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வந்த இடத்திலும் நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுக் கைமாறிப் போனது. ஜோடு தாத்தா "இது என் மண்" என்று ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது நான் 1986-இல் அழுதேன். அந்த மண்ணுக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. படமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: ஓக்லஹோமா சிட்டி – கிளின்டன் – ஷாம்ராக் – அமரில்லோ

66-ஆம் நெடுஞ்சாலை 1926-இல் பிறந்தது. சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை, ஏறத்தாழ 2,400 மைல். 1985-இல் அரசாங்கக் கணக்கிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டார்கள். இப்போது அதன் மேலேயும் பக்கத்திலேயும் 40-ஆம் எண் விரைவுச்சாலை ஓடுகிறது. பழைய சாலை துண்டு துண்டாகக் கிடைக்கும். ஒரு பத்து மைல் பழையதில், அப்புறம் மறுபடி புதியதில். மாப்பிள்ளையின் கூகுள் மேப் அம்மாள் நாள் பூராவும் "யூ டர்ன்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

கிளின்டனில் இந்தச் சாலைக்கென்றே ஒரு அருங்காட்சியகம். பழைய கார்கள், குளிர்பானப் பெட்டிகள், நியான் விளக்குகள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை என்றாலே ஜாலி என்கிற நினைப்பு 1950-களின் சொத்து. அதற்கு இருபது வருடம் முன்னால் இதே தார்மேல் போனவர்கள் பழைய டயரைத் தைத்து ஓட்டினவர்கள்.

எல்க் சிட்டி பக்கம் அறுவடை. வயலோரம் மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய ராட்சத உருளைகள். என்னவென்று இறங்கிப் பார்த்தால் பருத்தி. ஒரு மிஷின், அதற்குள் ஒரு ஆள். செடியிலிருந்து உரித்து, உருட்டி, சுற்றி, பின்பக்கமாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. கோழி முட்டை போடுகிற மாதிரி. கண்ணுக்கு எட்டிய வரை வேறு மனிதர் இல்லை.

ஷாம்ராக்கில் 1936-இல் கட்டிய ஒரு பெட்ரோல் பங்க், மேலே கோபுரம் வைத்துக் கோயில் மாதிரி. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்ததாம். அதன் ஜன்னலோரம் நின்றபோது படத்தில் வரும் ரொட்டிக் காட்சியை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். பத்து சென்ட்டுக்கு ரொட்டி வேண்டும் என்கிறார் அப்பா. ரொட்டி பதினைந்து சென்ட், இது சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை இல்லை என்று எரிந்து விழுகிறாள் பரிமாறுகிற பெண். கடைக்காரர் உள்ளேயிருந்து "கொடுத்து அனுப்பு" என்று அதட்டுகிறார். அப்புறம் குழந்தைகள் மிட்டாயைப் பார்க்கின்றன. காசுக்கு ஒன்றா என்று கேட்கிறார் அப்பா. அவள் ஒரு நொடி தயங்கி, "காசுக்கு இரண்டு" என்கிறாள். அவர்கள் போனதும் ஒரு லாரிக்காரர், "அது ஒன்றே அஞ்சு காசாச்சே" என்கிறார். உனக்கென்ன என்கிறாள். லாரிக்காரர்கள் மீதிச் சில்லறையை வாங்காமல் போய்விடுகிறார்கள். இரக்கம் என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் கடுகடு என்றே பேசுகிறார்கள். நம் சினிமாவாக இருந்தால் பின்னணியில் வயலின் கதறியிருக்கும்.

அமரில்லோவில் தங்கல். தயிர் கிடைத்தது. போதும்.

மூன்றாம் நாள்: அமரில்லோ – கிளென்ரியோ – சான்டா ரோசா – ஆல்புகர்க்கி

ஏட்ரியன் என்ற ஊரில் ஒரு பலகை: சிகாகோவுக்கு 1,139 மைல், லாஸ் ஏஞ்சலஸுக்கும் 1,139 மைல். படம் எடுத்துக்கொண்டோம். அடுத்து டெக்சஸ் எல்லையில் கிளென்ரியோ. இடிந்த மோட்டல், செடி முளைத்த பெட்ரோல் பங்க், நாய்கூட இல்லை. விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிப் போட்டதும் ஊர் செத்துவிட்டது.

நியூ மெக்சிகோவில் சான்டா ரோசா. இங்கே பெகோஸ் ஆற்றின் மேல் இருக்கும் இரும்பு ரயில் பாலத்தைப் படத்தில் பார்க்கலாம். ஒரு சரக்கு ரயில் கடக்கும், டாம் நின்று பார்ப்பார். ஃபோர்டின் ஆட்கள் 1939 கடைசியில் இந்த வழிநெடுக வந்து உண்மையான சாலையையும் உண்மையான ஊர்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் 'நெடுஞ்சாலை 66' என்று பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு. கலிஃபோர்னியாவின் பெரிய பண்ணைக்காரர்கள் அவ்வளவு கோபமாக இருந்தார்கள். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் முகத்தில் பாதியை மட்டும் காட்டுகிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

இரவு மோட்டலில் மாப்பிள்ளையின் லேப்டாப்பில் படத்தைப் போட்டோம். ஜோடு குடும்பத்தின் பக்கத்துக் குத்தகைக்காரர் மியூலி வரும் காட்சியில் நான் நிறுத்தச் சொல்லி இரண்டாம் முறை பார்த்தேன்.

காலி பண்ணச் சொல்ல ஒருவர் காரில் வருகிறார். காரை விட்டு இறங்கவே இல்லை. குத்தகை முறை இனிக் கட்டாது, ஒரு டிராக்டர் பன்னிரண்டு பதினாலு குடும்பத்து வேலையைச் செய்யும் என்கிறார். யார் இதைச் செய்வது என்று கேட்கிறார் மியூலி. கம்பெனி. கம்பெனி என்றால் யார்? யாரும் இல்லை, அது கம்பெனி. தலைவர் இருப்பாரே? அவர் என்ன செய்வார், வங்கி சொல்கிறது. வங்கி எங்கே? துல்சாவில். ஆனால் அங்கே போய் மேனேஜரைப் பிடித்து என்ன பயன், கிழக்கேயிருந்து வரும் உத்தரவில் அவரே பாதிப் பைத்தியமாக இருக்கிறார். அப்படியானால் நாங்கள் யாரைச் சுடுவது என்கிறார் மியூலி. காரில் இருப்பவர் தெரியாது என்கிறார். தெரிந்தால் சொல்லியிருப்பாராம். அவர் நடிப்பதாகத் தெரியவில்லை, உண்மையாகவே தெரியாதுதான்.

எனக்கும் ஒரு ஜீப் இருந்தது. 2003, புதுக்கோட்டை மாவட்டம், இரண்டு வருடமாக மழை இல்லை. டிராக்டர் கடனில் தவணை தவறிய ஒருவர் வீட்டுக்குப் போனோம். படத்தில் டிராக்டர் வந்து வீட்டை இடிக்கிறது. எங்கள் ஊரில் நாங்கள் டிராக்டரை இழுத்துக்கொண்டு போனோம். அவர் சத்தம் போடவில்லை. "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். மேலிடம் என்றேன். "அது எங்க இருக்கு?" என்றார். சென்னை என்றேன். அவர் அறந்தாங்கியைத் தாண்டியவர் இல்லை. நான் ஜீப்பிலிருந்து இறங்கினேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இறங்கினேன் என்றுதான் நினைவு. நினைவு நமக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "எங்களுக்கு ஈமெயில்ல வந்துச்சு மாமா. எச்ஆர் பொண்ணு ஜூம்ல வந்தா. அவளுக்கும் அன்னிக்கு சாயங்காலமே வேலை போயிடுச்சு" என்றார்.

நான்காம் நாள்: ஆல்புகர்க்கி – கிங்மன்

வெறும் ஓட்டம். 470 மைல். பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குள் பழைய 66 போன தடத்தில் 1932 ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. பக்கத்தில் தந்திக் கம்பங்களின் வரிசை மட்டும் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சாலை இல்லை. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. முதுகுவலி.

ஐந்தாம் நாள்: கிங்மன் – ஓட்மன் – டோபாக் – நீடில்ஸ் – பார்ஸ்டோ

1952 வரை 66 போனது இந்த மலைவழியில்தான். சிட்கிரீவ்ஸ் கணவாய். தடுப்புச் சுவர் கிடையாது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் பெட்ரோல் பம்பு இல்லாததால், ஏற்றத்தில் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்காது என்று பின்பக்கமாகவே ஏறுவார்களாம். ஓட்மன் கிராமத்தில் கழுதைகள்தான் சாலையின் சொந்தக்காரர்கள். ஒன்று கார் ஜன்னலுக்குள் தலையை விட்டது. மாப்பிள்ளையிடமிருந்த முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வழிவிட்டது.

டோபாக்கில் கொலராடோ ஆற்றின்மேல் 1916-இல் கட்டிய வெள்ளை வளைவுப் பாலம். ஜோடு லாரி இதைக் கடந்துதான் கலிஃபோர்னியாவுக்குள் நுழைகிறது. இப்போது பாலத்தின்மேல் எரிவாயுக் குழாய் மட்டும் போகிறது.

நுழைந்ததும் விவசாயச் சோதனைச் சாவடி. படத்திலும் இப்படி ஒரு சாவடி முக்கியமான இடம். லாரிக்குள் பாட்டி செத்துக் கிடக்கிறாள். அதிகாரிகள் சாமானை இறக்கச் சொல்கிறார்கள். அம்மா ஜோடு, ஜேன் டார்வெல், "உடம்பு சரியில்லாத கிழவி, டாக்டரிடம் போகணும்" என்று மன்றாடிக் கடந்துவிடுகிறாள். மீதி வழி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் படுத்தே வந்திருக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை. டார்வெல்லுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஃபோர்டுக்கு இயக்குநர் ஆஸ்கர்.

எங்கள் காரின் பின்பக்கத்தில் மகளின் கறிவேப்பிலைச் செடி. ஆறு வருடம் டாலஸ் பால்கனியில் வளர்த்தது. கறிவேப்பிலை எலுமிச்சைச் சாதிக்குச் சொந்தம், ஆரஞ்சுத் தோட்டத்தை அழிக்கும் ஒரு பூச்சி அதில் தங்கும், அதனால் கொண்டுவரத் தடை. இது எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். "கேட்டா மட்டும் சொல்லுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். கேட்டார்கள். சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொட்டியோடு எடுத்துப்போனார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் யார் சொல்வது என்பதில் அடுத்த 40 மைல் போனது.

இந்த எல்லையில் 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர், தன் நகரத்துக்கு எத்தனையோ மைல் தள்ளி, 136 போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் காசோ வேலையோ இல்லாதவர் திரும்பிப் போ. கொஞ்ச வாரத்தில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் ஏழையை மாநிலத்துக்குள் கூட்டிவருவதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று தனியாக இருந்தது. எட்வர்ட்ஸ் என்பவர் டெக்சஸ் போய் மனைவியின் உடன்பிறந்தவரைக் காரில் கூட்டிவந்தார். அதற்கு ஆறு மாத தண்டனை, நிறுத்தி வைக்கப்பட்டது. 1941-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

"மச்சானைக் கூட்டிட்டு வந்ததுக்கா?" என்றார் மாப்பிள்ளை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆறாம் நாள்: பார்ஸ்டோ – டெகாச்சபி – பேக்கர்ஸ்ஃபீல்டு – வீட்பேட்ச்

டெகாச்சபி மலையிறக்கத்தில் பள்ளத்தாக்கு தெரிகிறது. படத்தில் இங்கே ஜோடு குடும்பம் பழத்தோட்டங்களைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும். எங்களுக்குப் புகைமூட்டம். அதற்குக் கீழே வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, பாதாம், ஆரஞ்சு. வழியில் கீன் என்று ஒரு ஊர்ப்பலகை. படத்தில் பீச் பறிக்கப் போகும் பண்ணைக்கு இந்தப் பெயர்தான். அங்கே பெட்டிக்கு அஞ்சு சென்ட் கூலி, வேலைநிறுத்தத்தை உடைத்ததும் அது பாதியாகிறது.

பேக்கர்ஸ்ஃபீல்டில் கெர்ன் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு ரயில் சரக்குப் பெட்டி. பாடகர் மெர்ல் ஹேகர்டின் வீடு. முதல் நாள் சாலிசாவுக்குத் திரும்பினோமே செக்கோட்டா, அந்த ஊரிலிருந்து 1935-இல் வந்த குடும்பம். அப்பா பழைய பெட்டியை வாங்கி ஜன்னல் வெட்டி வீடாக்கினார். 1930-களில் ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சா, மிசூரியிலிருந்து கலிஃபோர்னியா வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். எல்லோருக்கும் ஒரே பெயர், 'ஓக்கி'. வசைச்சொல்தான். இதே கெர்ன் மாவட்டம் 1939 ஆகஸ்டில் ஸ்டைன்பெக் நாவலைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடை செய்தது. ஊரில் பிரதியை எரித்தார்கள்.

ஆர்வின் பக்கம் வீட்பேட்ச் முகாம். 1930-களின் நடுவில் மத்திய அரசு கட்டியது. நிர்வாகி டாம் காலின்ஸின் அறிக்கைகளை வைத்துத்தான் ஸ்டைன்பெக் எழுதினார், நாவலின் சமர்ப்பணத்தில் அவரும் உண்டு. படப்பிடிப்புக்கு ஆலோசகராகவும் வேலை பார்த்தார். படத்தில் ஜோடு குடும்பம் முதல்முறையாகக் குழாயில் தண்ணீர் வருவதையும் கழிப்பறையையும் பார்ப்பது இங்கேதான். வாரண்டு இல்லாமல் போலீஸ் உள்ளே வரமுடியாது, குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த குழு, சனிக்கிழமை நடனம். பெயரை மட்டும் படத்தில் 'வீட் பேட்ச்' என்று மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வந்தேன். தமிழில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. உண்மைப் பெயரில் இருப்பது களை, படத்துப் பெயரில் கோதுமை.

நாவலில் இந்த முகாம் நடுவில் வரும், அதற்குப்பின் எல்லாம் சரியும். படத்தில் வரிசையை மாற்றி முகாமைக் கடைசிக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் படம் நம்பிக்கையில் முடிகிறது. 1986-இல் இது பிடித்திருந்தது. மோட்டலில் பார்த்தபோது அம்மாவின் கடைசிப் பேச்சு கொஞ்சம் ஒட்டவைத்த மாதிரித்தான் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின இரவு அவள் பழைய பெட்டியைக் கிளறி, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் வாங்கிய பீங்கான் நாயை எடுத்து வைத்துக்கொண்டு, கடிதங்களை அடுப்பில் போட்டு, தோட்டைக் காதில் வைத்துக் கண்ணாடி பார்ப்பாளே, அங்கே ஒரு வசனமும் இல்லை. அதற்குத்தான் நான் ஆஸ்கர் கொடுப்பேன்.

பழைய முகாமில் மூன்று மரக்கட்டடங்கள் மிச்சம்: கூடம், தபால் நிலையம், நூலகம். வேலி போட்டிருக்கிறது. பக்கத்திலேயே இன்றைக்கும் பருவ வேலைக்காரர்களுக்கான வீடுகள். கொடியில் முழுக்கைச் சட்டைகள் காய்ந்தன. ஒரு வேன் வந்து நின்றது, தொப்பிக்கு மேல் துணி சுற்றிய பெண்கள் இறங்கினார்கள், ஸ்பானிஷில் ஏதோ சிரிப்பு. எங்களைப் பார்த்து ஒருத்தி தலையாட்டினாள். நாங்களும் ஆட்டினோம். போட்டோ எடுக்கக் கூச்சமாக இருந்தது.

கூடத்தின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க முயன்றேன். வேலியிலிருந்து தூரம், ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, அந்த டிராக்டர்காரர் அப்புறம் என்ன ஆனார்?"

"தெரியலை மாப்பிள்ளை. ரெண்டு மாசத்துல எனக்கு மாத்தல் வந்துடுச்சு."

அவர் காரை எடுத்தார். இன்னும் 280 மைல் இருக்கிறது. புது வீட்டுக்காரர் சாவியை எட்டு மணி வரைதான் வைத்திருப்பாராம்.